கடிதப் பெட்டியில் அப்பாவின் பெயர்

2022 நவம்பர் நடுவில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வேலைக்கு வந்தேன். டிசம்பர் கடைசியில் முதல் முழுச் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறியபோது, ஒப்பந்தத்தில் இருந்த தொகையில் பாதியை ஒட்டித்தான் கைக்கு வந்திருந்தது. இங்கே பிடித்தம் அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தாலும், கிளம்புமுன் நான் போட்டுப் பார்த்த எந்தக் கணக்கிலும் இவ்வளவு போகவில்லை. சம்பளச் சீட்டை மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியோடு வரிவரியாகப் படித்த பிறகுதான், வரி வகுப்பு என்ற கட்டத்தில் 6 என்று அச்சாகியிருப்பதைக் கவனித்தேன். இரண்டாவதாக இன்னொரு வேலை பார்ப்பவருக்கும், வரி அடையாள எண்ணை நிறுவனத்திடம் கொடுக்காதவருக்கும் உரிய வகுப்பு அது. அடிப்படைக் கழிவு எதுவும் தராமல் முதல் யூரோவிலிருந்தே வரி பிடிப்பார்கள்.

எனக்கு வரவேண்டிய அந்த 11 இலக்க எண் எங்கே போயிற்று என்பதற்கான விடை ஒரு மளிகைக் கடையில் கிடைத்தது. எண்பதுகளில் இங்கு வந்து குடியேறிய ஈழத் தமிழர் ஒருவரின் கடை அது. கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கிக்கொண்டு நின்றபோது என் கதையைச் சொன்னேன். அவர் பணப்பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "தம்பி, தபால் பெட்டியில உங்கட பேர் ஒட்டியிருக்கோ?"

"இல்லைங்கண்ணா. மூணாவது மாடி, இடது பக்கம்னு எல்லா படிவத்துலயும் தெளிவா எழுதியிருக்கேன்."

"இஞ்ச மாடியைப் பாக்கமாட்டாங்கள், பேரைத்தான் பாப்பாங்கள். பேர் இல்லாட்டி கடிதம் வந்த வழியே திரும்பிப் போயிடும்."

ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அதற்குமேல் ஆளின் பெயர், அவ்வளவுதான் முகவரி. நுழைவாயிலில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் எதில் உங்கள் பெயர் இருக்கிறதோ அதில் தபால்காரர் கடிதத்தைப் போடுவார்; எதிலும் இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். நிறுவனம் எனக்கு இரண்டு மாதத்துக்கு எடுத்துக் கொடுத்திருந்த தற்காலிக வீட்டின் பெட்டியில், அந்த வீட்டை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. முகவரியைப் பதிவு செய்தவுடன் மத்திய வரி அலுவலகம் தானாகவே அனுப்பிவைக்கும் எண்ணும், வங்கி அட்டையின் ரகசிய எண்ணும், மருத்துவக் காப்பீட்டு அட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து திரும்பிப் போயிருந்தன. அன்று மாலையே ஒரு வெள்ளைத் தாளில் பெயரை எழுதி ஒட்டினேன். புதிய கடிதம் ஜனவரி மூன்றாவது வாரம் வந்தது; கூடுதலாகப் பிடித்த வரி பிப்ரவரிச் சம்பளத்தில் திரும்பிவிட்டது. பணம் பறிபோகவில்லை என்றாலும், வீட்டுக்கு முன்பணம் கட்டவேண்டிய மாதத்தில் கை வறண்டு போனதால், கோவையிலிருந்த சேமிப்பை எடுத்து அனுப்பச் சொல்லி மனைவியிடம் கேட்க வேண்டியதாயிற்று. ஆகவே இங்கு வந்து இறங்குபவர் பெட்டியைப் பிரித்துச் சாமான்களை அடுக்குமுன் செய்யவேண்டிய வேலை, பெயர்ச் சீட்டு ஒட்டுவதுதான். அதற்கு அனுமதி இல்லாத வீடென்றால், பெட்டியில் இருக்கும் பெயரைக் 'கேர் ஆஃப்' போட்டு முகவரியில் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அந்தச் சீட்டில் நான் எழுதியது என் அப்பாவின் பெயரை. வெளிநாட்டு வேலையைப் பற்றி விசாரிக்கும் இளையவர்கள் சம்பளம் எவ்வளவு, மாதம் எவ்வளவு மிஞ்சும் என்றுதான் தொடங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது என்பது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நமக்கு, அப்பா பெயரின் முதலெழுத்து போதுமானதாக இருக்கிறது. அந்த ஒற்றை எழுத்து தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் படுத்தத் தொடங்குகிறது. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருந்தது, பட்டச் சான்றிதழில் முன்னால் இருந்தது, பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பாவின் முழுப் பெயராகிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது, திருமணப் பதிவுச் சான்றிதழில் மறுபடியும் சுருங்கியிருந்தது. நான்கையும் மேசையில் பரப்பிய அலுவலர், இவர்கள் நால்வரும் ஒருவர்தானா என்று மரியாதையாகவே கேட்டார்.

மனைவியின் நிலைமை இன்னும் சிக்கலானது. அவளுடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. விசாவில் அவளுடைய பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு விழுந்தது. அதன் பிறகு வங்கியானாலும் காப்பீடானாலும், முதற்பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் இணையப் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதினால், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று பதில் வந்தது. ஊரில் இருக்கும்போதே, விசாவுக்கு விண்ணப்பிக்குமுன், பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டத்தையும் நிரப்பி மறுவெளியீடு வாங்கிவிட்டால் சில வாரங்களில் முடிகிற காரியம் இது. வந்த பிறகு மாற்றினால் தூதரகத்தில் தொடங்கிக் குடியிருப்பு அட்டை, வங்கி, காப்பீடு, சம்பளப் பிரிவு என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். குழந்தையின் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் என்ன என்பதை அப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. எந்த எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லாத் தாளிலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இந்த ஊரில் ஒரு தாள் இன்னொரு தாளைப் பெற்றெடுக்கிறது. வீட்டு உரிமையாளர், இவர் என் வீட்டில் குடிவந்தார் என்று ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதை வைத்து, குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்று சொல்லப்படும் இந்தப் பதிவிலிருந்துதான் வரி எண் பிறக்கும், குடியிருப்பு அட்டையும் இதைக் கேட்கும், பல வங்கிகளும் கேட்கும். ஆகவே தற்காலிக வீடு எடுக்கும்போது வாடகையையும் தூரத்தையும் பார்ப்பதற்குமுன், அங்கே முகவரிப் பதிவு செய்துகொள்ள அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். என்னோடு அதே மாதம் சேர்ந்த இன்னொருவர் அதைக் கேட்காமல் அழகான ஒரு வீட்டை எடுத்துவிட்டு, பதிவு செய்ய வழியில்லாமல் ஆறு வாரம் அலைந்தார்.

நிரந்தர வீடு தேடிய மூன்று மாதங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். உரிமையாளர்கள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும், 'ஷூஃபா' எனப்படும் கடன் ஒழுக்கச் சான்றையும் கேட்பார்கள். புதிதாக வந்தவரிடம் இரண்டுமே இருக்காது. வேலை ஒப்பந்தத்தோடு, நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் ஒரு கடிதம் வாங்கி, நாங்கள் யார், எத்தனை பேர், ஏன் இந்தப் பகுதியில் வீடு தேடுகிறோம் என்று ஒரு பக்கம் ஜெர்மன் மொழியில் எழுதி இணைத்த பிறகுதான் எனக்கு அழைப்புகளே வரத் தொடங்கின. அதற்கிடையில், தான் வெளிநாட்டில் இருப்பதாகவும், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் ஒருவர் எழுதினார். படத்திலிருந்த வீடும் வாடகையும் நம்பமுடியாத அளவுக்கு நன்றாக இருந்தன. அசதியில் இருந்த எனக்கு அன்றிரவு கை துறுதுறுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோவும் கொடுக்கக் கூடாது.

விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருப்பது வெறும் இடத்துக்கான வாடகை. அதோடு வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை முதலிய செலவுகளைச் சேர்த்தால் 'வார்ம்' வாடகை. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அதற்கும் வெளியே. முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் கால்ட் வாடகைக்கு மேல் போகக்கூடாது. அதையும் மூன்று தவணைகளில் கட்டும் உரிமை குடித்தனக்காரருக்கு உண்டு என்பதை நான் முழுத் தொகையையும் கட்டிவிட்டு மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். இவற்றையெல்லாம்விட என்னைத் திகைக்கவைத்தது சமையலறை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சாவி வாங்கித் திறந்தபோது, சமையலறை என்று வரைபடத்தில் குறித்திருந்த இடத்தில் ஒரு வெற்று அறை இருந்தது. சுவரிலிருந்து மூடியிட்ட இரண்டு தண்ணீர்க் குழாய்முனைகளும், அடுப்புக்கான தடித்த மின்கம்பி ஒன்றும் நீட்டிக்கொண்டிருந்தன. பாத்திரம் கழுவும் தொட்டியோ, அடுப்போ, அலமாரியோ எதுவும் இல்லை. முன்பிருந்தவர் சமையலறையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். இங்கே அது அவரவர் சொத்து. கூடத்து மேற்கூரையில் விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று கம்பிகள் தொங்கின. முதல் பத்து நாள்கள் ஒரு மின்சாரக் கெட்டிலில் உப்புமா கிண்டியிருக்கிறேன். சமையலறையோடு சேர்ந்த வீடா என்று விளம்பரத்தில் தேடிப் பாருங்கள்; இல்லையென்றால், காலி செய்பவரிடமே பேசி அவருடையதை விலைக்கு எடுத்துக்கொள்வது புதிதாக வாங்குவதைவிட மலிவாக முடியும்.

ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியப் பகுதிக்கே உரிய ஒரு வழக்கம் 'கேர்வோஹே', அதாவது கூட்டும் வாரம். ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கதவின் கைப்பிடியில் ஒரு சிறிய அட்டை தொங்கியது. யாரோ விளம்பரம் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக் குப்பையில் போடப் போனேன். எதிர்வீட்டு மூதாட்டி கதவைத் திறந்து, என் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'ஹெர்', அதாவது திரு, சேர்த்து என்னை அழைத்து, அந்த வாரம் மாடிப்படியையும் வாசலையும் கூட்டித் துடைப்பது எங்கள் முறை என்று கைச்சாடையோடு விளக்கினார். முடித்ததும் அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். வாசல் கூட்டுவது நமக்குப் புதிதா என்ன என்று இரண்டு நிமிடத்தில் கூட்டிவிட்டு உள்ளே வந்தேன். அவர் மறுபடி மணியடித்து, கைப்பிடிக் கம்பியையும் சன்னல் விளிம்பையும் விரலால் தொட்டுக் காட்டினார். அந்த விரலுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இரவு 10 மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது என்பதையும், அதனால் மாவு அரைப்பதைச் சனிக்கிழமை பகலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர்தான் பிற்பாடு சொல்லிக்கொடுத்தார். குளிர்காலத்தில் நாளுக்கு இரண்டு மூன்று முறை சன்னலை விரியத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விடாவிட்டால் சமையல் ஆவியில் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், அந்தச் செலவு நம் தலையில் விழும் என்று எச்சரித்தவரும் அவரே. கோவையிலிருந்து மேசைக் கிரைண்டரைத் தூக்கி வந்தது வீண் போகவில்லை. இரண்டு நாட்டிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் முள்செருகியை மட்டும் மாற்றினால் போதும்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு தவறிலிருந்து தப்பினேன். வந்த முதல் வாரமே ஒரு முகவர் தேடிவந்து, அரசு சார்ந்த காப்பீட்டைவிடத் தனியார் காப்பீடு மாதத்துக்கு இருநூறு யூரோ மிச்சம் பிடித்துத் தரும் என்று அழகான ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். வயது முப்பதைத் தாண்டிய, தனியாக வந்திருந்த ஒருவனுக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அரசு சார்ந்த காப்பீட்டில், வருமானம் இல்லாத மனைவியும் குழந்தைகளும் தனிக் கட்டணமின்றிச் சேர்ந்துகொள்ளலாம். தனியாரில் ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். வயதாக ஆகக் கட்டணம் ஏறும்; 55 வயதுக்குமேல் திரும்பி வருவது ஏறத்தாழ முடியாது. குடும்பத்தை அழைத்துவரப் போகிறவர் அந்த இருநூறு யூரோவுக்கு ஆசைப்படாமல் இருப்பது நல்லது என்பது என் முடிவு. முகவருக்கு அதில் தரகு உண்டு என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஊரில் முடித்துவிட்டு வரவேண்டிய வேலைகளில் நான் கோட்டைவிட்டது வருமானவரி. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த ஆண்டு முழுவதற்கும் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். அக்டோபர் இறுதிக்குள் எனக்கு 214 நாள் ஆகியிருந்தது. ஆகவே நவம்பரிலிருந்து மார்ச் வரை ஜெர்மனியில் வாங்கிய சம்பளத்தையும் இந்திய வரிக் கணக்கில் காட்டி, இங்கே கட்டிய வரிக்குப் படிவம் 67 தாக்கல் செய்து கழிவு கேட்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் நடுவில் கிளம்பியிருந்தால் இந்த வேலையே இல்லை. சேரும் தேதியைப் பேசும்போது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவதும் சட்டப்படி கட்டாயம். இவற்றையெல்லாம் செய்து முடிக்க இந்திய கைபேசி எண்ணுக்கு வரும் ஓடிபி தேவை. எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள்.

2023 ஏப்ரலில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். 'புளூ கார்டு' எனப்படும், உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான குடியிருப்பு அட்டையை வைத்திருப்பவரின் துணைவருக்கு விசாவுக்காக ஜெர்மன் மொழித் தேர்வு கட்டாயமில்லை. வந்த நாள் முதல் வேலை பார்க்கவும் தடையில்லை. சட்டம் தந்த அந்தச் சலுகையை நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டு, மொழி மெதுவாக வரட்டும் என்று இருந்துவிட்டோம். என் அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடியது; மகளின் மழலையர் பள்ளியிலும் குழந்தை மருத்துவரிடமும் ஓடவில்லை. பகலெல்லாம் அவற்றோடு மல்லுக்கட்டியவள் மனைவி. பட்டமும் ஆறு ஆண்டு அனுபவமும் இருந்தும், காய்ச்சல் மருந்தின் அளவைக் கேட்கத் தெரியாமல் மருந்துக்கடையில் நின்ற நாளை அவள் இன்றும் மறக்கவில்லை. நான் செய்த தவறுகளிலேயே இதற்குத்தான் வருந்துகிறேன். குடும்பத்தோடு வருபவர்கள், வேலை கிடைத்தவரைவிட உடன் வருபவருக்கு முதலில் மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அதுவும் ஊரிலேயே. எனக்கு மொழியின் பலன் வேறு விதத்தில் கிடைத்தது: புளூ கார்டுக்காரருக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமை 27 மாதத்தில் கிடைக்கும் என்றால், ஜெர்மன் மொழியில் பி1 எனும் இடைநிலைத் தேர்வு எழுதித் தேறியவருக்கு 21 மாதத்திலேயே கிடைக்கும். 2024 இலையுதிர் காலத்தில் எனக்கு அது வந்தது.

ஓட்டுநர் உரிமம் பற்றி ஒரு வார்த்தை. இந்திய உரிமம் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் வரைதான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. அவினாசி சாலையில் பன்னிரண்டு ஆண்டு கார் ஓட்டிய நான் முதல் முறை தோற்றேன். வலப்புறம் திரும்புமுன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் பார்த்ததே காரணம்.

2025 மே மாதம் அப்பாவும் அம்மாவும் மூன்று மாத விசாவில் வந்தார்கள். செலவுக்கு நான் பொறுப்பு என்று இங்குள்ள அலுவலகத்தில் உறுதிமொழி எழுதிக் கொடுத்து, குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் எடுத்திருந்தோம். அப்பா முப்பத்தைந்து ஆண்டு பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கி, நான் பெட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் நுழைவாயிலில் கடிதப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். கட்டடப் பராமரிப்பாளர் பொறித்துக் கொடுத்திருந்த பெயர்த் தகட்டில் அவருடைய பெயர் மட்டும் இருந்தது. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக விரலை வைத்துப் படித்தார்.

"ஏங்கண்ணு, இதுல ஒரெழுத்து விட்டுப்போச்சாட்ட இருக்குதே."

இரண்டு ஆண்டுகளாகத் தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து மூடிய நான் அதைக் கவனித்திருக்கவில்லை. மறுநாள் காலை பராமரிப்பாளருக்கு எழுதினேன்.